மீன்பாட்டுக்கு யார் காரணம்? நல்ல தலைமை பற்றிய கேள்வி, புதுமடம் கரையிலிருந்து

ஒரே விடியலில், ஒரே காற்றில், ஒரே மாதிரி வலைகளோடு இரண்டு வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன. ஒன்று நிறைந்து வருகிறது. மற்றொன்று எண்ணெய்ச் செலவுக்கும் தேறாமல் கரை தொடுகிறது. கரையில் நிற்பவர்கள் அதற்கான காரணத்தை உடனே ஓர் ஆளின் மேல் வைத்துவிடுகிறார்கள். ஓட்டியின் கணக்கு அப்படி என்பார்கள், அல்லது அவர் ராசி அப்படி என்பார்கள். நீரோட்டம், வலைக்கண், இயந்திரத்தின் வயது, வள்ளத்தில் ஏறிய மற்ற நான்கைந்து பேரின் உழைப்பு எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

வேலையிடத்தில் நல்ல தலைவர் யார் என்ற கேள்விக்கு அரசவையும் படையும் ஆலையும் காலந்தோறும் விடை சொல்லி வந்துள்ளன. நிர்வாகவியல் நூல்களில் பெரும்பாலானவை தொழிற்கூடத்தையும் அலுவலகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் புதுமடம், வேதாளை, பெரியபட்டினம் போன்ற ஊர்களின் கடல் தொழில் அந்த விடைகளைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். வேலைக்குழு சிறியது. அதன் விளைவு அன்றன்றே ஏலத்தில் எடை போடப்படுகிறது. தலைவர் தவறினால் போவது கூலி மட்டுமாக இல்லாமல் உயிராகவும் இருக்கக்கூடும்.

இங்கே தலைமை ஒரே ஆளிடம் இருப்பதுமில்லை. வள்ளமும் வலையும் சம்மாட்டியுடையவை. கடலில் முடிவெடுப்பவர் ஓட்டி. பாக் நீரிணைப் பக்கம், பாய்மர வள்ளத்தில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வழி சொல்பவரை மண்டாடி என்பார்கள். விசைப்படகில் அவர் டிரைவர். இவர்கள் எல்லோருக்கும் பின்னால், சம்மாட்டிக்கே முன்பணம் கொடுத்து மீனின் மேல் உரிமை கொள்ளும் வியாபாரி நிற்கிறார். ஆகவே, நல்ல தலைவர் யார் என்று கேட்கும் முன், இவர்களில் எவரைத் தலைவர் என்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல கோட்பாடுகள் இந்த முதல் கேள்வியையே தாண்டிப் போய்விடுகின்றன.

குணம் என்ற முதல் விடை

பழைய விடை குணம். தலைவருக்கென்று சில இயல்புகள் உண்டு, அவை உள்ளவரிடம் பொறுப்பைக் கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம். திருக்குறளின் பொருட்பாலில் இறைமாட்சி அதிகாரம் அத்தகைய இயல்புகளைச் சொல்கிறது. ஐரோப்பாவில் தாமஸ் கார்லைல் 1840இல் ஆற்றிய சொற்பொழிவுகள் வரலாற்றையே பெருமனிதர்களின் செயலாகக் கண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளவியலாளர்கள் இதே எண்ணத்தை அளவுகோலோடு அணுகினார்கள். உயரம், அறிவுத்திறன், பேச்சுவன்மை, துணிவு என ஒவ்வொன்றாக அளந்தார்கள்.

1948இல் ரால்ஃப் ஸ்டாக்டில் அதுவரை வெளிவந்த 120க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. சில இயல்புகள் திரும்பத் திரும்ப வந்தாலும், ஒரு சூழலில் தலைவரானவர் இன்னொரு சூழலிலும் தலைவராவார் என்று சொல்ல அவை போதவில்லை. 2002இல் டிமதி ஜட்ஜும் உடனாய்வாளர்களும் செய்த தொகுப்பாய்வு குணக் கோட்பாட்டுக்கு ஓரளவு உயிர் கொடுத்தது. கலகலப்பாகப் பழகும் இயல்புக்கும் தலைமைக்கும் தொடர்பு இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் அந்த இயல்பு, ஒருவர் தலைவராகத் தேறுவதோடு காட்டிய தொடர்பு, தேறியபின் நன்றாகச் செயல்படுவதோடு காட்டிய தொடர்பைவிட வலுவானது. நாம் யாரைத் தலைவராக நம்புகிறோம் என்பதும், யார் தலைமையில் வேலை நன்றாக நடக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இவை இரண்டும் குழம்பும் இடத்தில்தான் தவறான ஆள் மேலே போகிறார்.

வள்ளுவர் இந்த இடரை அறியாதவரில்லை. தெரிந்து வினையாடல் என்ற 52ஆம் அதிகாரத்தில், எல்லா வகையிலும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த பிறகும் வேலையில் இறங்கியதும் மாறிவிடுகிறவர்கள் பலர் என்ற எச்சரிக்கை இருக்கிறது. குணக் கோட்பாட்டின் மீதான கூர்மையான விமர்சனம், அது உளவியல் ஆவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் பதிவாகியிருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

நடத்தையும் சூழலும்

குணத்தை விட்டு நடத்தைக்கு வந்த ஆய்வுகளில் ஒன்று இந்தக் கரைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1939இல் குர்ட் லெவினும் உடனாய்வாளர்களும் சிறுவர் குழுக்களை மூன்று விதத் தலைமையின் கீழ் வேலை செய்யவிட்டுக் கவனித்தார்கள். அதட்டி வேலை வாங்கிய தலைவரின் கீழ் வேலை நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் தளர்ந்தது. கலந்து பேசி நடத்திய குழுவில் தலைவர் இல்லாத நேரத்திலும் வேலை தொடர்ந்தது.

கடல் தொழிலில் முதலாளி உடன் இல்லாதிருப்பதுதான் இயல்பு. சம்மாட்டி கரையில், வள்ளம் கடலில். கண்காணித்து வேலை வாங்க வழியில்லை. அதனால்தான் உலகின் பல கடற்கரைகளில் மாதச் சம்பளம் வேரூன்றாமல் பங்கு முறை நிலைத்தது என்று பொருளியலாளர்கள் கருதுகிறார்கள். எண்ணெய், ஐஸ், சாப்பாடு என்று செலவைக் கழித்துவிட்டு, மீதியை வள்ளத்துக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பிரிக்கிறார்கள். விகிதம் தொழிலுக்குத் தொழில், வள்ளத்துக்கு வள்ளம் மாறும். தலைவரின் நடத்தை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை இங்கே பங்குக் கணக்கே செய்துவிடுகிறது. தலைமை பற்றிய நூல்கள் ஊதிய ஏற்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு நடத்தையை மட்டும் பேசுவது இந்தக் கோணத்தில் பெரிய குறையாகத் தெரிகிறது.

1960களில் ஃபிரெட் ஃபீட்லர் சூழலைக் கணக்கில் கொண்டுவந்தார். நிலைமை மிகவும் சாதகமாகவோ மிகவும் பாதகமாகவோ இருக்கும்போது வேலையில் குறியாயிருக்கும் தலைவர் சிறப்பார், இடைப்பட்ட நிலையில் உறவைப் பேணுகிறவர் சிறப்பார் என்பது அவர் முடிவு. ஒருவரின் பாணி எளிதில் மாறாது என்றும் அவர் நம்பினார். ஹெர்சி, பிளாஞ்சர்ட் இருவரும் 1969இல் முன்வைத்த கோட்பாடு, உடன் இருப்பவரின் பக்குவத்துக்கேற்பத் தலைவர் பாணியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. கச்சான் காற்று பலமாக வீசும் மாதத்தில் கடலில் வலை வாங்கும்போது வேண்டியிருப்பது ஓட்டியின் ஒற்றைச் சொல். கரையில் வலை பொத்தும்போது அதே அதட்டல் செல்லாது. ஒரே ஆள் இரண்டையும் செய்கிறார் என்பதே அன்றாட அனுபவம். ஃபீட்லரின் நம்பிக்கைக்கு அது ஓரளவு எதிர்ச்சான்று. ஆயினும் இவ்வகைக் கோட்பாடுகளுக்குக் கிடைத்த சான்றுகள் இன்றுவரை கலவையானவை. எல்லாவற்றுக்கும் சூழலே விடை என்று சொல்லிவிட்டால், எந்தச் சூழலில் என்ன செய்வது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகிறது.

ஐஸ்லாந்தில் நடந்த வாதம்

தலைவரால் உண்மையில் எவ்வளவு மாறுகிறது? இந்தக் கேள்வியை மிக நேராகச் சந்தித்தவர்கள் மீன்பிடியை ஆராய்ந்த மானுடவியலாளர்கள். ஐஸ்லாந்திலும் மீன்பாட்டுக்குக் கப்பல் தலைவரே காரணம் என்ற நம்பிக்கை ஊறியிருந்தது. சில தலைவர்களுக்கு மீன் இருக்கும் இடம் கனவில் வரும் என்றுகூடச் சொல்வார்கள். 1980களின் தொடக்கத்தில் கிஸ்லி பால்சன், பால் டுரன்பெர்கர் ஆகியோர் மீன்பாட்டுக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். படகின் அளவையும் எத்தனை முறை கடலுக்குப் போனது என்பதையும் கணக்கில் சேர்த்ததும், தலைவருக்கென்று மிஞ்சியது மிகக் குறைவு. தலைவரின் திறமை என்பது பெரும்பாலும் ஊர் நம்பிக்கைதான் என்று அவர்கள் எழுதினார்கள்.

மறுப்பும் ஐஸ்லாந்திலிருந்தே வந்தது. ஆய்வாளர் தோர்லிண்ட்சன் 1988இல் ஹெர்ரிங் மீன்பிடியையும், பியார்னாசனோடு சேர்ந்து 1993இல் காட் மீன்பிடியையும் ஆராய்ந்து, தலைவரால் வேறுபாடு உண்டாகிறது, மீனவர்களின் நம்பிக்கையில் உண்மை இருக்கிறது என்று வாதாடினார்.

இந்த வாதம் முடியாமல் இழுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நல்ல ஓட்டிக்கு நல்ல வள்ளம் கிடைக்கிறது. நல்ல வள்ளத்துக்கு உழைப்பாளிகள் தேடி வருகிறார்கள். ஆகவே வள்ளத்தின் பங்கு என்று கழிக்கப்படுவதில் ஓட்டியின் பங்கும் கொஞ்சம் சேர்ந்து போய்விடுகிறது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஒரு நாள் பாட்டில் அதிர்ஷ்டத்தின் கை பெரிது. பல மாதங்களைக் கூட்டிப் பார்த்தால்தான் அது தேய்ந்து திறமை துலங்கும். ஊர்ப்பேச்சோ நேற்றைய பாட்டை வைத்தே பெயர் கொடுத்துவிடுகிறது. நிறுவனங்களிலும் இதே மயக்கம் இருப்பதை 1985இல் ஜேம்ஸ் மைண்டலும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். விளைவு மிக நன்றாகவோ மிக மோசமாகவோ இருக்கும்போது மனிதர்கள் அதற்குத் தலைவரையே காரணமாக்குகிறார்கள்.

தலைவரால் ஒன்றுமே ஆவதில்லை என்று இதைக் கொள்ள முடியாது. 2015இல் வெளியான ஆய்வொன்றில் எட்வர்ட் லேசியர், கேத்ரின் ஷா, கிறிஸ்டோபர் ஸ்டாண்டன் ஆகியோர் ஒரு பெரிய சேவை நிறுவனத்தின் தரவுகளைப் பார்த்தார்கள். கடைசிப் பத்து விழுக்காட்டில் உள்ள மேற்பார்வையாளரை நீக்கி, முதல் பத்து விழுக்காட்டில் உள்ளவரை வைத்தால், ஒன்பது பேர் குழுவில் பத்தாவதாக ஓர் ஆள் சேர்ந்த அளவுக்கு வேலை கூடுகிறது என்று கண்டார்கள். அதைவிட முக்கியமான முடிவு ஒன்று அதில் உண்டு. நல்ல மேற்பார்வையாளரின் பயன் பெரும்பகுதி அவர் கற்றுக்கொடுப்பதிலிருந்து வருகிறது. ஐஸ்லாந்து வாதத்தில் இந்தக் கேள்வி ஓரத்திலேயே நின்றது. ஓட்டி பிடித்த மீனை எண்ணினார்கள். அவரிடம் தொழில் பழகியவர்கள் பின்னாளில் பிடித்த மீனை எண்ணியிருந்தால் கணக்கு வேறாக வந்திருக்கலாம்.

அன்பும் கடனும் ஒரே கையில்

மேலைக் கோட்பாடுகள் இந்தியாவுக்குப் பொருந்துமா என்று கேட்டவர்களில் ஜே.பி.பி. சின்ஹா குறிப்பிடத்தக்கவர். 1980இல் அவர் வெளியிட்ட நூல், அரவணைத்து வேலை வாங்கும் தலைவர் என்ற கருத்தை முன்வைத்தது. இந்திய வேலையிடத்தில் கீழே இருப்பவர் மேலிருப்பவரிடம் தனிப்பட்ட அக்கறையை எதிர்பார்க்கிறார். தலைவர் அந்த அக்கறையைக் காட்டுகிறார், ஆனால் வேலையை ஒட்டியே காட்டுகிறார். ஆள் பக்குவப்பட்டதும் படிப்படியாக முடிவெடுப்பதில் அவருக்கு இடம் கொடுக்கிறார் என்பது அவர் வரைந்த பாதை.

கடற்கரையில் இந்தச் சித்திரத்தை அடையாளம் காண்பது எளிது. வீட்டில் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, கடலுக்குப் போக முடியாத நாள்கள் என்று வரும்போது ஆள்கள் போய் நிற்பது சம்மாட்டியிடம்தான். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாள்களில் அரசு நிவாரணம் போக, விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிய வைப்பது பெரும்பாலும் முன்பணம்.

அரவணைக்கும் அதே கை கடனையும் எழுதுகிறது. முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு வள்ளத்துக்குப் போக முடியாது. இங்கேதான் சின்ஹாவின் கோட்பாடு ஆட்டம் காண்கிறது. அரவணைப்பு ஆளைப் பக்குவப்படுத்தி விடுவிக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கடன் இடையில் புகுந்தால் அரவணைப்பே கட்டாகிவிடலாம். தலைமையை அளக்க நிறுவனங்கள் விரும்பிக் கையாளும் ஓர் அளவுகோல், ஆள்கள் விலகாமல் நிற்கிறார்களா என்பது. முன்பணம் உள்ள தொழிலில் அந்த அளவுகோல் எதையும் நம்பகமாகச் சொல்லாது. நல்ல சம்மாட்டியிடமும் ஆள் நிற்பார், கடனில் மாட்டியவரும் நிற்பார். முன்பணம் அடைந்த பிறகும் அதே வள்ளத்தில் ஏறுகிறாரா என்று பார்ப்பது மேலான அளவாக இருக்கும். வெளியேறும் வழி திறந்திருக்கும்போது மட்டுமே ஒருவர் தங்கியிருப்பதற்குப் பொருள் உண்டு. இது கடலுக்கு மட்டும் உரிய செய்தியா? இந்தக் கரையோர ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் இதே கேள்விதான்.

1979 ஆகஸ்ட், 1980 ஜூலை

கடனைப் பேசினால், நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அந்தக் கோணத்தில் தலைமையைப் பேசும்போது, புதுமடம் இருக்கும் இதே மாவட்டத்தின் மகன் ஒருவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த நிகழ்ச்சியைத் தவிர்க்க முடியாது. இராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் திட்ட இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அது, இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்து வங்கக் கடலில் விழுந்தது. கலாம் பல மேடைகளில் சொன்னபடி, கணினி ஏவுதலை நிறுத்தியது, ஏவுகலத்தில் தெரிந்த கசிவு பெரிதில்லை என்று உடனிருந்த வல்லுநர்கள் சொன்னார்கள், ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவர்தான்.

அன்று செய்தியாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார், குழுவின் மேல் நம்பிக்கை தெரிவித்தார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார்.

இதைத் தலைமையின் இலக்கணமாக எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. எடுத்துக்காட்டத் தகுந்ததும்தான். ஆனாலும் கவனத்தோடு கையாள வேண்டிய சான்று இது. ஒற்றை நிகழ்ச்சி, அதனால் பயனடைந்தவரே சொன்னது, அடுத்த முயற்சி வென்றதால் நினைவில் நின்றது. 1980இலும் தோற்றிருந்தால் தவானின் செயல் அதே அளவு சரியானதாகவே இருந்திருக்கும், ஆனால் நமக்குத் தெரிந்திருக்காது. இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும். தவான் பழியைத் தாங்கும் இடத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் அரசு நின்றது. திட்டம் தோற்றாலும் குழுவில் எவர் வீட்டிலும் அன்றைய உலை நிற்கவில்லை.

பாக் நீரிணையில் நிலைமை தலைகீழ். 2024 பிப்ரவரியில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட இராமேஸ்வரம் மீனவர்களின் வழக்கில், இலங்கை ஊர்காவற்துறை நீதிமன்றம் படகுகளை ஓட்டியவர்களுக்குச் சிறைத் தண்டனை விதித்து, உடன் சென்றவர்களில் பெரும்பாலானோரை விடுவித்தது. சட்டம் தலைமையை மிக எளிதாக அடையாளம் கண்டது, சுக்கானைப் பிடித்தவரே தலைவர். எண்ணெய் விலையும் கடன் தவணையும் மீன் இல்லாத கடலும் சேர்ந்து எடுத்த முடிவில் அவர் பங்கு எவ்வளவு, கரையில் இருப்பவர்களின் பங்கு எவ்வளவு என்பது அந்தத் தீர்ப்பின் எல்லைக்குள் வரவில்லை. பழியைத் தானே ஏற்பது தலைமை என்றால், பழி தன்மேல் ஏற்றப்படுவதை என்ன பெயரிட்டு அழைப்பது? தலைமை இலக்கியம் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இடித்துச் சொல்லும் வாய்

பெரியாரைத் துணைக்கோடல் என்ற 45ஆம் அதிகாரம், குற்றம் கண்டால் கடிந்து சொல்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று கருதுகிறது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் கண்டதை இதனோடு சேர்த்துப் படிக்கலாம். நல்ல தலைமையுள்ள பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் பிழைகள் அதிகம் இருந்தன. அந்தப் பிரிவுகளில் அச்சமின்றிப் பிழையைச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம்.

கடலில் இதன் பொருள் மிகக் கூர்மையானது. வானம் கறுக்கிறது, திரும்பிவிடலாம் என்று இளைய ஆள் சொல்ல முடிகிறதா? முன்பு கடல் பற்றிய அறிவு ஓட்டியிடம் குவிந்திருந்தது, அதுவே அவர் அதிகாரத்தின் அடித்தளம். இன்று ஜி.பி.எஸ். கருவி, கைபேசிச் செயலி, பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி ஆகியவற்றின் வழியே காற்று நிலவரமும் எச்சரிக்கையும் வள்ளத்தில் உள்ள எல்லோருக்கும் எட்டுகின்றன. தகவல் பரவலாகிவிட்டது. முடிவெடுக்கும் உரிமையும் அதோடு பரவியதா என்பது ஆராயப்பட வேண்டியது. இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. பேசும் துணிவு தலைவரின் சுபாவத்தால் மட்டும் வருவதில்லை. கடன் இல்லாதவர் பேசுவார், கடன்பட்டவர் யோசிப்பார்.

பதவி இல்லாத தலைமை

இதுவரை சொன்னவை எல்லாம் யாரோ ஒருவருக்கு வள்ளமோ பதவியோ இருப்பதைக் கருதியவை. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் இந்த எல்லையை மீறுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது வனத்துறையோடு மோதலானது. பெண்கள் சங்கமாகத் திரண்டு உரிமை பேசினார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் கடலில் இறங்குவது போன்ற கட்டுப்பாடுகளைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமையேற்ற லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது வழங்கியது.

அவரிடம் கூலி கொடுக்கும் அதிகாரம் இல்லை. ஆளை நீக்கும் அதிகாரமும் இல்லை. முன்பணமும் கிடையாது. வருமானத்தைக் குறைக்கும் ஒரு கட்டுப்பாட்டை மற்றவர்கள் ஏற்றார்கள் என்றால், அவரும் அதே கடலில் அதே வேலையைச் செய்கிறார் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய சேவைத் தலைமை பற்றிய கட்டுரை இதற்கு அருகில் வருகிறது என்றாலும், அவர் பேசியது பதவியில் இருப்பவரின் பணிவைப் பற்றி. இங்கே பதவியே இல்லை. இந்தக் கரை தலைமைக் கோட்பாட்டுக்குத் தரக்கூடிய புதிய சான்று இருக்குமானால், அது வள்ளங்களைவிட இந்தப் பெண்களிடமிருந்தே வரும் என்று கருத இடமுண்டு.

இன்னும் தீராதவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தலைவரால் வேறுபாடு உண்டாகிறது, ஆனால் ஊர் நம்புவதைவிடக் குறைவாக. குணத்தை வைத்து முன்கூட்டித் தேர்வது பலவீனமான வழி. கற்றுக்கொடுப்பதும் பிழையைச் சொல்ல விடுவதும் பயன் தருகின்றன என்பதற்குச் சான்று வலுக்கிறது. நட்டம் எப்படிப் பிரிகிறது என்பது தலைமையின் மையமான அடையாளம் என்ற கருத்து இந்தக் கரையின் சான்றுகளோடு பொருந்துகிறது. அதை நிறுவிவிட்டதாகச் சொல்ல முடியாது.

நிறுவத் தேவையான தரவு இல்லை என்பதே முதல் தடை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது, பின்னர் 1971 வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அதன் மண்டல மையம் அங்கே இயங்குகிறது. இந்தக் கரைகளில் இறங்கும் மீனின் இனம், எடை, வலை வகை என்று பல பத்தாண்டுக் கணக்கு அதனிடம் உண்டு. ஆனால் மீன் இறங்குகணக்கு ஆள்களைப் பின்தொடர்வதற்காக வகுக்கப்பட்டதில்லை. வெறும் வள்ளமாக வந்த நாளின் எண்ணெய்ச் செலவு யார் தலையில் விழுந்தது, முன்பணம் அடைந்த மாதம் எத்தனை பேர் வள்ளம் மாறினார்கள், ஓட்டியிடம் பழகிய பையன் எத்தனையாவது வருடத்தில் தானே ஓட்டியானான் என்ற கேள்விகளுக்கு அதில் பத்தி கிடையாது. இரண்டு மூன்று ஊர்களிலாவது சில பருவங்களுக்கு இவற்றைக் குறித்து வைத்தால், ஐஸ்லாந்தில் பாதியில் நின்ற வாதத்தை மன்னார் வளைகுடாவில் தொடர முடியும். வியாபாரியின் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துத் திறக்காமல் அதைச் செய்ய முடியுமா என்பதுதான் கடினமான பகுதி.